கட்டம் டேலி ஆகணுமுங்க

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் பொங்கல் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

"ஓய்வுக்குப் பின் ஒரு பொழுதுபோக்கு" என்று பத்து நிமிடம் பேசச் சொல்லி செயலாளர் கேட்டுக்கொண்டார். போன வருடம் இதே தலைப்பில் மாடித்தோட்டம் பற்றிக் கேட்டீர்கள். அதற்கு முந்தைய வருடம் யோகா. நான் பேசப்போவது கோட்டு தைப்பது பற்றி. இதோ நான் போட்டிருக்கும் இந்தக் கட்டம் போட்ட கோட்டு நானே வீட்டில் தைத்தது. மேடைக்கு வரும்போது பின்வரிசையில் ஒருவர், "சார் கைலியை வெட்டிக் கோட்டு தெச்சுட்டாருங்களா?" என்று கேட்டது காதில் விழுந்தது. ஏறக்குறைய சரிதானுங்க. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

போன ஏப்ரலில், அமெரிக்காவில் இருக்கும் என் மகள் அங்கே ஒரு துணிக்கடையில் தொங்கிய கோட்டைப் படம் பிடித்து அனுப்பினாள். சிவப்பு, நீலம், மஞ்சள் என்று கட்டம் கட்டமாக இருந்தது. "அப்பா, உங்க கைலி இங்க கோட்டா தொங்குது பாருங்க. விலையைச் சொன்னா அம்மா மயக்கம் போட்ருவாங்க" என்று எழுதியிருந்தாள். அதன் பெயர் அங்கே 'மெட்ராஸ்'. துணியின் பெயரே அதுதான்.

நாம் கைலி என்று சொல்லும் இந்தக் கட்டத் துணிக்குப் பெரிய வரலாறு உண்டு. நூலுக்கு முதலில் சாயம் ஏற்றி, பிறகு பாவிலும் ஊடையிலும் கலர் மாற்றி நெய்வதால், இதில் உள்பக்கம் வெளிப்பக்கம் என்ற பேதம் கிடையாது. மேலே அச்சடித்த கட்டம் அல்ல. சென்னைத் துறைமுகம் வழியாகப் போனதால் வெளிநாட்டில் ஊர்ப் பெயரே துணிக்கு நிலைத்துவிட்டது. மேற்கு ஆப்பிரிக்காவுக்கு இது நிறையப் போயிருக்கிறது. நைஜீரியாவில் நைஜர் ஆற்றின் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் இதை 'இன்ஜிரி' என்கிறார்கள். நெய்த துணியிலிருந்து சில இழைகளை வெட்டி உருவி எடுத்து, கட்டத்துக்குள்ளேயே புதிய கோலம் வரவைப்பது அவர்கள் கைவேலை.

அமெரிக்காவில் இது கோட்டும் சட்டையுமாகப் பரவியதற்கு ஒரு கதை சொல்வார்கள். 1958-ல் வில்லியம் ஜேக்கப்சன் என்ற இறக்குமதி வியாபாரி இங்கே வந்து, கேப்டன் கிருஷ்ணன் நாயரிடம் இந்தத் துணியை வாங்கினார். கிருஷ்ணன் நாயர் கண்ணூர்க்காரர், பிற்காலத்தில் லீலா ஹோட்டல்களைத் தொடங்கியவர், 2014-ல் காலமானார். துணி அமெரிக்காவின் பழைய பெரிய கடையான புரூக்ஸ் பிரதர்ஸுக்குப் போய், சட்டையும் கோட்டும் ஆனது. பச்சைத் தண்ணீரில் தனியாகத்தான் துவைக்க வேண்டும் என்ற குறிப்பு மட்டும் வாங்கியவர்களிடம் போய்ச் சேரவில்லை. வாஷிங் மெஷினில் போட்டார்கள், சாயம் ஓடிவிட்டது, புகார் குவிந்தது. கடைசியில் விளம்பரக்காரர்கள் புகுந்து, "இது சாயம் போகும், அதுதான் இதன் அழகு, ஒவ்வொரு சலவைக்கும் புதுத் துணி மாதிரி மாறும்" என்று சொல்லியே விற்றார்களாம். நம் ஊரில் எந்தக் கடைக்காரராவது அப்படிச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன்.

எனக்கு வந்தது ஒரு வீம்புதான். 1888-லேயே ஸ்டேன்ஸ் மில் தொடங்கிய ஊர் இது. சென்னிமலையில் இன்றைக்கும் தறிச் சத்தம் கேட்கிறது. கொடி காத்த குமரனே சென்னிமலையில் நெசவாளர் வீட்டில் பிறந்தவர்தான். அப்படிப்பட்ட இடத்தில் உட்கார்ந்துகொண்டு, நம் துணியில் தைத்த கோட்டை அமெரிக்க விலையில் வேடிக்கை பார்ப்பதா? வீட்டில் 1986-ல் சீராக வந்த உஷா மெஷின் இருக்கிறது. என் மனைவியிடம் சொன்னேன். "ஏனுங்க, மொதல்ல ரெண்டு தலகாணி உறை தெச்சுப் பழகிட்டு, அப்பறம் கோட்டுக்குப் போலாமில்லீங்களா?" என்றாள். கேட்டிருக்கலாம்.

முதலில் அளவு வேண்டும். எங்கள் கல்யாண வரவேற்புக்குத் தைத்த கோட்டு பீரோவில் இருந்தது. அதைப் பிரித்து, துண்டுகளைக் காகிதத்தில் வைத்து வரைந்தேன். வயிற்றுப் பக்கம் தாராளமாகச் சேர்த்துக்கொண்டேன், அது எவ்வளவு என்று இந்தச் சபையில் சொல்ல மாட்டேன். ஆனால் பிரிக்கும்போது பார்த்ததைச் சொல்ல வேண்டும். வெளியே பளபளப்பாகத் தெரிந்த கோட்டுக்கு உள்ளே இன்னொரு கோட்டே இருந்தது. நெஞ்சுக்கு உள்ளே கேன்வாஸ். லேப்பல் மடிந்து நிற்கும் இடத்தில், அந்தக் கேன்வாஸைத் துணியோடு பிடித்துக் கையால் போட்ட சின்னச் சின்னத் தையல்கள். ஒரு பக்கத்தில் மட்டும் எண்ணினேன், நானூறைத் தாண்டியது. ஒரு தையலும் வெளியே தெரியாது. லேப்பல் பலகை மாதிரி படுக்காமல் அழகாகச் சுருண்டு நிற்பதற்குக் காரணம் அதுதான். காலர் அடியில் இரண்டு துண்டை ஒட்டுப் போட்டிருந்தார்கள், துணி பத்தவில்லை போல. முப்பத்தொன்பது வருடம் கழித்தும் ஓரத்தில் சாக்குக் கோடு இருந்தது. அன்று கூலியில் 20 ரூபாய் குறைக்கச் சொல்லி அந்த டெய்லரிடம் அரை மணி நேரம் வாதாடினேன். குறைத்தும் கொடுத்தார். அந்த நானூறு தையலைக் குறைக்கவில்லை.

இனி துணி. கட்டத்தில் இரண்டு ஜாதி இருக்கிறது. ஒன்று, நடுவில் மடித்தால் வலமும் இடமும் மேலும் கீழும் கண்ணாடி மாதிரி ஒத்துப்போகும் கட்டம். இன்னொன்று ஒத்துப்போகாதது. முதல் முறை தைப்பவர்கள் ஒத்துப்போகும் கட்டத்தையே வாங்குங்கள். சோதனை எளிது. கடையிலேயே ஒரு கட்டத்தை நடுவில் நெடுக்காக ஒரு முறையும் குறுக்காக ஒரு முறையும் மடித்துப் பாருங்கள். மேலே உள்ள கோடும் அடியில் உள்ள கோடும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் சரி. நான் இதைக் கற்றுக்கொண்டுதான் கோ-ஆப்டெக்ஸுக்குப் போனேன். கைத்தறி, அடர்நீலத்தில் மெரூனும் வெள்ளையும், 36 அங்குல அகலம், நான்கு அங்குலத்துக்கு ஒரு முறை திரும்ப வரும் கட்டம்.

கணக்கில்தான் கோட்டை விட்டேன். இத்தனைக்கும் பி.காம்., முப்பத்தேழு வருடம் பேங்கில் கிளார்க். துண்டுகளைக் காகிதத்தில் அடுக்கிப் பார்த்தேன், மூன்று மீட்டர் எண்பது வந்தது. நான்கு மீட்டர் வாங்கினேன், இருபது சென்டிமீட்டர் லாபம் என்று சந்தோஷம். அது கட்டமில்லாத துணிக்குப் போடும் கணக்கு. கட்டத் துணியில் முன்பக்கத்தின் கோடும் பின்பக்கத்தின் கோடும் ஒரே உயரத்தில் வர வேண்டும் என்றால், ஒவ்வொரு பெரிய துண்டையும் மேலேயோ கீழேயோ நகர்த்தி வைக்க வேண்டும். நகர்த்தும்போது வீணாவது ஏறக்குறைய ஒரு கட்டம் அளவுக்கு வரும். ஆறு பெரிய துண்டு, நான்கு அங்குலக் கட்டம் என்றால் 24 அங்குலம் அதிகம் வாங்கியிருக்க வேண்டும். போதாக்குறைக்கு, வெட்டுவதற்கு முன்னால் நனைத்துக் காயப்போட்டதில் நான்கு மீட்டர் மூன்று மீட்டர் எண்பத்தைந்தாகச் சுருங்கியது. நனைக்காமல் தைத்திருந்தால் கோட்டு தைத்த பிறகு சுருங்கியிருக்கும், அதனால் அந்த வேலையை யாரும் விட்டுவிடாதீர்கள். சாயம் போகுமா என்று பார்க்க ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் அழுத்தித் தேய்த்தாலே போதும்.

முதலில் ஒரு பழைய சென்னிமலைப் பெட்ஷீட்டில் வெட்டித் தைத்துப் பார்த்தேன். அதுவும் கட்டம் போட்டதுதான். இது யாரும் எனக்குச் சொல்லித்தராமல் நானே கண்டுபிடித்தது என்று கொஞ்ச நாள் பெருமையாக இருந்தேன். டெய்லர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயமாம். கட்டத் துணியில் ஒத்திகை பார்த்தால், தோள் சரிகிறதா, வயிறு இழுக்கிறதா என்பதைக் கோடுகளே காட்டிக்கொடுக்கும். கோடு வளைந்தால் அங்கே துணி இழுபடுகிறது என்று அர்த்தம்.

வெட்டும்போது துணியை இரண்டாக மடித்து வெட்டக் கூடாது. அடியில் இருக்கும் கட்டம் எங்கே நகர்ந்தது என்று தெரியாது. ஒற்றையாக விரித்து ஒரு முன்பக்கத்தை வெட்ட வேண்டும். பிறகு காகிதத்தை எடுத்துவிட்டு, வெட்டிய துண்டையே கவிழ்த்து மீதித் துணியின்மேல் வைத்து, கோட்டின்மேல் கோடு மறையும்வரை நகர்த்தி மறு பக்கத்தை வெட்ட வேண்டும். துண்டு துணிக்குள் காணாமல் போய்விட்டால் சரியாக வைத்திருக்கிறீர்கள். எல்லோரும் செய்யும் தப்பு, வெட்டும் ஓரத்தில் கட்டத்தைச் சேர்ப்பது. ஓரம் உள்ளே மடிந்து போய்விடும். தையல் விழும் கோட்டில்தான் கட்டம் சேர வேண்டும்.

இந்த இடத்தில் பேங்க் வேலை கைகொடுத்தது. கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால், சேவிங்ஸ் லெட்ஜரை பாலன்ஸ் செய்வோம். டேலி ஆகாவிட்டால் வீட்டுக்குப் போக முடியாது. வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால் யாரோ 54-ஐ 45 என்று இலக்கம் மாற்றி எழுதியிருக்கலாம் என்று முதலில் அதைத் தேடுவோம். வித்தியாசத்தின் முகத்தைப் பார்த்தே தப்பு எங்கே என்று சொல்லிவிடலாம். கட்டத்திலும் அப்படி ஒரு வழி இருக்கிறது. நான் தைத்த முதல் பக்கத் தையலில் கட்டம் சேரவில்லை. மேலிருந்து கீழ்வரை ஒரே அளவில் விலகியிருந்தால் துண்டை வைத்ததே தப்பு. ஆனால் எனக்கு மேலே சரியாக இருந்து, இடுப்பில் ஒரு நூல், அடியில் கால் அங்குலம் என்று போகப் போகக் கூடியது. அப்படி என்றால் வெட்டியதில் குற்றமில்லை, மெஷின் இழுக்கிறது. மெஷினின் பல் அடித்துணியை முன்னால் தள்ளுகிறது, மேலே இருக்கும் கால் மேல்துணியைப் பிடித்துவைக்கிறது. அடித்துணி வேகமாகவும் மேல்துணி மெதுவாகவும் போகிறது. வெற்றுத் துணியில் இது தெரியவே தெரியாது. ஒவ்வொரு கோட்டிலும் ஒரு குண்டூசி குத்தி, கையால் ஓட்டுத் தையல் போட்டு, பிறகு மெஷினில் ஓட்டினேன். மூன்று முறை பிரித்தேன். நான்காவது முறை டேலி ஆனது. ராத்திரி பதினொன்றரைக்கு என் மனைவியை எழுப்பிக் காட்டினேன். அவள் சொன்னதை இங்கே சொல்ல முடியாது.

எல்லா இடத்திலும் கட்டத்தைச் சேர்க்கவும் முடியாது. தோள் சரிவில் சேராது. பிடி பிடிக்கும் இடத்தில் சேராது. பக்கத் தையல், நடு முதுகு, முன்பக்கம், பாக்கெட், முன்கை, இந்த ஐந்தும் சேர்ந்தால் கண்ணுக்கு நிறைவாக இருக்கும்.

கையில்தான் மாட்டிக்கொண்டேன். கோட்டுக் கையின் மேல் வளைவு கைக்குழியைவிட ஒரு அங்குலத்துக்கு மேல் பெரிதாக இருக்கும். அந்த அதிகத் துணியைச் சுருக்கம் தெரியாமல் உள்ளே அடக்க வேண்டும், அப்போதுதான் கையை அசைக்க முடியும். நான் தைத்தபோது பாவாடைக் கொசுவம் மாதிரி வந்தது. கூடவே துணியும் பத்தவில்லை. வலது கையின் அடித்துண்டுக்கு மிச்சமிருந்தது இரண்டு சின்னத் துண்டுகள். கடைக்குத் திரும்பப் போனேன். அந்தத் துணி தீர்ந்துவிட்டது. அதே கட்டம், அதே சாயம் என்றால் இனி மறுபடி பாவு ஓட்டினால்தான் உண்டு.

அப்போதுதான் கீழே இறங்கிப் போனேன். நம் கேட்டுக்கு வெளியே சுற்றுச்சுவரை ஒட்டி மெஷின் போட்டு உட்கார்ந்திருக்கும் டெய்லரை உங்கள் எல்லோருக்கும் தெரியும். பேண்ட் அடி மடிக்க, ஜிப் மாற்ற, ஜாக்கெட் பிரித்துவிட, எல்லோரும் அவரிடம்தான் போகிறோம். ஒன்பது வருடமாக அங்கே இருக்கிறார். அவரிடம் போக எனக்குக் கூச்சமாக இருந்தது. காரணம் இங்கே பலருக்குத் தெரியும். அவரிடம் வருகிறவர்களின் வண்டிகள் கேட்டை மறைக்கின்றன என்று அவரைக் காலி செய்யச் சொல்லும் தீர்மானம் மார்ச் பொதுக்குழுவில் நான்காவது பொருளாக இருக்கிறதே, அதற்கான கடிதத்தை எழுதியது நான்தான். நல்ல டிராஃப்ட் என்று எல்லோரும் பாராட்டினீர்கள்.

அவருக்கும் தெரியும். இருந்தும் கோட்டை வாங்கி, உள்ளே கையை விட்டு, கேன்வாஸைத் தடவிப் பார்த்தார். "கேன்வாஸ் கையாலயே போட்டிருக்கீங்களே சார். ஒட்டற கேன்வாஸுன்னு நெனச்சேனுங்க" என்றார். பிறகு, "நான் கோட்டு தெச்சு இருவது வருசமாச்சுங்க" என்றார். டவுன்ஹால் பக்கம் ஒரு கடையில் கோட்டு மாஸ்டரிடம் பதினான்கு வருடம் வேலை பார்த்தவராம். ரெடிமேடு வந்த பிறகு கோட்டு ஆர்டர் குறைந்து, கடையை மூடி, சட்டைக்கு வந்து, பிறகு நம் சுவருக்கு வந்திருக்கிறார். ஒன்பது வருடமாக நம் பேண்ட்டுகளுக்கு அடி மடித்துக்கொண்டிருந்தவர் ஒரு கோட்டு டெய்லர். நம்மில் ஒருவரும் கேட்டதில்லை, நான் உட்பட.

அவர் சொல்லிக்கொடுத்தது இது. கையை உச்சித் தோளிலிருந்து தைக்கத் தொடங்கக் கூடாது. முன்பக்கம், நெஞ்சுக் கோடு எங்கே கையைத் தொடுகிறதோ அங்கிருந்து தொடங்க வேண்டும். அங்கே கட்டம் சேர்ந்தால் போதும், பின்னால் கொஞ்சம் கொஞ்சமாக விலகிக்கொள்ளும். "முன்னாடி நிக்கறவங்கதானுங்க பாப்பாங்க." அதிகத் துணியை அடக்க, ஓரத்தில் இரண்டு வரிசை ஓட்டுத் தையல் போட்டு நூலை மெதுவாக இழுத்து, சுருட்டிய டர்க்கி டவல்மேல் வைத்து, ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியை வைக்க வேண்டும். தேய்க்கக் கூடாது, வைத்து எடுக்க வேண்டும். ஆவியில் அந்தக் கொசுவம் என் கண் முன்னால் மறைந்தது. கோட்டில் பாதி வேலை இஸ்திரிதான் என்றார். நான் அதுவரை கடைசியில் ஒரு முறை இஸ்திரி போட்டால் போதும் என்று நினைத்திருந்தேன்.

பத்தாத அடித்துண்டுக்கு அவரே ஒட்டுப் போட்டார். இரண்டு துண்டையும் மெரூன் கோட்டின் ஓரமாகச் சேர்த்ததில் ஒட்டு எங்கே என்று எனக்கே இப்போது தெரியவில்லை. ஆனால் அக்குளுக்கு அடியில், உடம்பின் கட்டமும் கையின் கட்டமும் இரண்டு விரல்கடை விலகிப் போகின்றன. துணி பத்தாமல் வந்த வினை, அதற்கு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

கூலி கேட்டேன். "ஒட்டுக்கு என்னத்தச் சொல்றதுங்க, அறுவது ரூவா குடுங்க" என்றார். என் நோட்டுப் புத்தகத்தில் இந்தக் கோட்டுக்கு நான் எழுதிவைத்திருக்கும் நேரம் 118 மணி. நம் பேண்ட்டுக்கு அடி மடிக்க அவர் 50 ரூபாய் கேட்டால், "போன மாசம் 40 தானேங்க" என்று சொல்பவர்கள் இங்கே இருக்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், முடித்துக்கொள்கிறேன். வண்டி மறைப்பது உண்மையான பிரச்சினைதான், நான் எழுதியதில் பொய் இல்லை. அதற்கு வேறு வழி பார்த்தேன். பம்ப் ரூமுக்குப் பக்கத்தில், மாடிப்படிக்கு அடியில், எட்டுக்கு ஆறு அடி இடம் சும்மா கிடக்கிறது. பழைய டியூப்லைட்டும் உடைந்த சேரும்தான் இருக்கின்றன. ஒரு லைட்டும் ஒரு பிளக் பாயிண்டும் போட எலக்ட்ரீஷியன் 2,300 ரூபாய் சொல்கிறார், அதை நான் கொடுக்கிறேன். வாடகை எவ்வளவு என்பதைப் பொதுக்குழு முடிவு செய்யட்டும். அவரிடமும் கேட்டுவிட்டேன், மழைக்கு ஒதுங்க இடம் இருந்தால் போதுமுங்க என்றார். என் பழைய கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, புதுக் கடிதத்தை நேற்றே செயலாளரிடம் கொடுத்துவிட்டேன்.

மார்ச்சில் கையைத் தூக்கித்தான் ஓட்டெடுப்பு. அன்றைக்கும் இந்தக் கோட்டைத்தான் போட்டு வருவேன். வலது கையைத் தூக்கும்போது அக்குளில் கட்டம் சேராதது எல்லோருக்கும் தெரியும், பார்த்துக்கொள்ளுங்கள்.